“இப்படி ஒரு நோய் இருந்தால் யாருக்குத்தான் மனசு சோராது?” அரிய மரபுவழி நோயோடு வரும் மனச்சோர்வை என்ன செய்வது

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், என் சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்து முடித்த மருத்துவரிடம், கிளம்பும் நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “டாக்டர், கொஞ்ச நாளாக எதுவுமே பிடிக்கவில்லை, அழுகைகூட வர மாட்டேன் என்கிறது” என்று சொன்னேன். நல்ல மனிதர் அவர். நிமிர்ந்து பார்த்து, “இப்படி ஒரு நோய் இருந்தால் யாருக்குத்தான்மா மனசு சோராது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுத்த இரண்டு வருடத்தைப் படுக்கையிலும் குற்ற உணர்விலும் கழித்தேன்.

யோசித்துப் பாருங்கள். அதே மருத்துவர், “இந்த நோய் இருந்தால் யாருக்குத்தான் சிறுநீரில் புரதம் போகாது” என்று சொல்லி என்னை அனுப்பியிருப்பாரா? புரதம் போனால் அளப்பார், மருந்து எழுதுவார், மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார். காரணம் புரிகிறது என்பதற்காக வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. மனச்சோர்வு விஷயத்தில் மட்டும் அப்படி ஆகிவிடுகிறது. கஷ்டப்பட நியாயமான காரணம் இருக்கிறது என்பதே நம்மைக் கைவிடவும் காரணமாகிவிடுகிறது.

எனக்கு இருப்பது ஃபேப்ரி. ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற நொதி போதவில்லை என்பதால், உடைய வேண்டிய ஒருவகைக் கொழுப்பு உடையாமல் ரத்தக்குழாய், சிறுநீரகம், இதயம், நரம்பு என்று எல்லா இடத்திலும் சேர்ந்துகொண்டே போகும். 2007-ல் பிரிட்டனில் ஃபேப்ரி உள்ள பெரியவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி எடுத்த ஆய்வு ஒன்று வெளியானது. பதில் எழுதியவர்களில் 46 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, 28 சதவீதம் பேருக்கு அது தீவிரமாகவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை யாருமே அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோதுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. இது நோயாளி பக்கத்திலிருந்து எழுதியது. ஃபேப்ரி மட்டுமல்ல, பிகேயூ (புரதத்தில் இருக்கும் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் உடைக்க முடியாத நோய்), கோஷே (ஃபேப்ரி போலவே ஒருவகைக் கொழுப்பு உடையாமல் சேரும் நோய்), பாம்பே (ஊர் இல்லை, யோவான்னஸ் பாம்பே என்ற டச்சு மருத்துவரின் பெயர்), போர்ஃபிரியா, வில்சன் நோய் என்று எந்த மரபுவழி வளர்சிதை மாற்ற நோயோடு இருப்பவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள்

சாதாரணமாக மனச்சோர்வு பற்றிப் பேசுகிறவர்கள் வாழ்க்கைப் பிரச்சினையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் விஷயத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டும், ஏனென்றால் நம் நோய்களில் சில நேரடியாக மூளையின் வேதியியலில் கை வைப்பவை.

பிகேயூவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஃபினைல் அலனின் ஏறும்போது, மூளைக்குள் போக வேண்டிய டைரோசின், டிரிப்டோஃபான் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களும் அதே வாசலில்தான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டம் அதிகமானால் இவை வெளியிலேயே நின்றுவிடும். மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனங்களான டோபமைனும் செரடோனினும் இந்த இரண்டிலிருந்துதான் தயாராகின்றன. ஆகவே உணவுக் கட்டுப்பாடு தளர்ந்த ஒருவர் எரிச்சலாக, மந்தமாக, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதைக் குணக்கேடு என்று பேசுவது அநியாயம். முதலில் அளவைப் பாருங்கள். “அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது” என்று சொன்னால், எந்த எல்லை என்று கேளுங்கள். 2017-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் 12 வயதுக்கு மேல் லிட்டருக்கு 600 மைக்ரோமோல் வரை விடுகிறது, 2014-ன் அமெரிக்க வழிகாட்டுதல் ஆயுள் முழுக்க 360-க்குள் வைக்கச் சொல்கிறது. 550-ல் இருக்கும் ஒருவர் ஒரு ஏட்டின்படி சரி, இன்னொரு ஏட்டின்படி தவறு. அந்த இடைவெளியில் உங்கள் மனநிலை எங்கே நிற்கிறது என்று அளவைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை உங்கள் உணவியல் நிபுணரோடு சேர்ந்து சில வாரம் முயன்று பார்க்கலாம்.

வில்சன் நோயில் தாமிரம் மூளையில் சேர்கிறது. சிலருக்குக் கல்லீரல் அறிகுறிக்கு முன்பே மனநல அறிகுறிதான் தலை காட்டும். கடும் போர்ஃபிரியாவில் தாக்குதல் வரும்போது வயிற்றுவலியோடு பதற்றமும் தூக்கமின்மையும் சேர்ந்தே வரும். யூரியா சுழற்சிக் கோளாறில் (புரதக் கழிவான அம்மோனியாவை உடம்பால் சரியாக வெளியேற்ற முடியாத நோய்) அம்மோனியா ஏறினால் முதலில் மாறுவது நடத்தையாக இருக்கலாம்.

இதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆள் மாறிப்போனால், குழப்பமாகப் பேசினால், வாந்தியும் அதிகத் தூக்கமும் சேர்ந்தால், அல்லது சாப்பிடாமல் இருந்த பிறகோ காய்ச்சலுக்குப் பிறகோ இப்படி ஆனால், மனநல மருத்துவரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், நோயின் பெயரைச் சொல்லி, அம்மோனியா உட்பட அந்த நோய்க்கு அவசரத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சாதாரண விஷயங்கள், அரிய நோயைப் பார்க்கிற அவசரத்தில் எல்லோரும் மறப்பவை: தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி. புரதம் குறைத்த உணவில் இருப்பவர் தன் புரத மாற்று பானத்தைச் சரியாகக் குடிக்காவிட்டால் பி12 இறங்கிப்போகும், அதுவும் மனச்சோர்வு மாதிரியே நடந்துகொள்ளும். மூச்சுத் தசைகள் பலவீனப்படும் பாம்பே நோயிலும், மூச்சுப் பாதை குறுகும் எம்பிஎஸ் (மியூகோபாலிசாக்கரிடோசிஸ்) வகை நோய்களிலும் இரவு மூச்சு சரியில்லாமல் தூக்கம் கெடும். காலையில் தலைவலியோடு எழுந்து பகலெல்லாம் தூங்கி வழிகிறவருக்கு மனநல மாத்திரைக்கு முன்னால் ஒரு தூக்கப் பரிசோதனை தேவைப்படலாம். மருந்துகளையும் பாருங்கள். உடம்பில் குறையும் நொதியை நரம்பு வழியாக ஏற்றுவதற்கு முன் ஒவ்வாமை வராமலிருக்கப் போடும் ஸ்டீராய்டு சிலருக்கு அடுத்த இரண்டு நாள் மனநிலையை ஆட்டிவைக்கும், வலிப்புக்குக் கொடுக்கும் லெவடிராசிடம் சிலரை எரிந்து விழ வைக்கும்.

வலி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் மனச்சோர்வோடு மிக நெருங்கிப் போன விஷயம், நரம்பு வலி அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு குறுக்கிடுகிறது என்பதுதான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஃபேப்ரியின் வலி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தீ வைத்தது போல எரியும். காய்ச்சல் வந்தால், வெயில் பட்டால், ஓடி விளையாடினால் கூடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வீக்கமில்லை, சிவப்பில்லை. அதனால் குழந்தையாக இருந்தபோது பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்றார்கள், வளரும் வலி என்றார்கள், அப்புறம் மனப்பிரமை என்றார்கள். நோய்க்குப் பெயர் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆவது எங்கள் கூட்டத்தில் சர்வசாதாரணம். அந்தப் பத்து வருடத்தில் ஒரு குழந்தை கற்றுக்கொள்வது என்ன? உடம்பு சொல்வதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதைத்தான். அப்படி வளர்ந்தவளிடம் போய் “மனசுக்கு என்ன பண்ணுகிறது, மனம் திறந்து சொல்லுங்கள்” என்றால் “ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்” என்றுதான் பதில் வரும். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கிளம்பும் நேரத்துப் பேச்சு வரைக்கும்.

ஆகவே வலியோடு இருப்பவர்கள் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கும்போது வலி வைத்தியத்தையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சரிசெய்வது, ஓட்டை வாளியில் தண்ணீர் மொள்வது. டுலோக்செட்டின் போன்ற சில மருந்துகள் நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் இரண்டுக்குமே வேலை செய்யும் என்பதால், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மருத்துவருக்கும் தேர்வு எளிதாகும்.

இரண்டு வாரம் எழுதுங்கள்

பெரிய டைரி வேண்டாம். தூங்கப் போகும் முன் ஒரே வரி. மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், வலிக்கு ஒரு எண், எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று மருந்து ஏற்றிய நாளா, சாப்பாடு ஒழுங்காக இருந்ததா, நானாக விரும்பிச் செய்த காரியம் ஏதாவது உண்டா. அவ்வளவுதான். எழுத முடியாத அன்று “முடியவில்லை” என்று எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

எனக்கு இதில் ஒன்று பிடிபட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எனக்கு நொதி ஏற்றுவார்கள். அடுத்த முறைக்கு முந்தைய மூன்று நாள் அசதியும் வலியும் கூடி, மனநிலை எண் 3-க்கு இறங்கிவிடும், ஏற்றிய இரண்டாம் நாள் 5 அல்லது 6-க்கு வரும். அந்த மூன்று நாளில்தான் நான் வேலையை விடுவது, எல்லோரிடமும் பேச்சை நிறுத்துவது போன்ற பெரிய முடிவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன்! இப்போது அந்த நாட்களில் எந்த முடிவும் கிடையாது என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம். ஆனால் கவனியுங்கள், நல்ல நாட்களிலும் எண் 6-ஐத் தாண்டவில்லை. அதனால்தான் இது வெறும் மருந்து இடைவெளி இல்லை, தனியாக வைத்தியம் தேவைப்படுகிற விஷயம் என்று புரிந்தது.

மருத்துவமனையில் பெரும்பாலும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைத் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அசதி, தூக்கம், பசி, கவனம் பற்றிய கேள்விகளுக்கு நோயே மதிப்பெண் போட்டுவிடும். மனச்சோர்வே இல்லாத நாளிலும் எனக்கு 7 வரும். இதை இரண்டு பக்கமும் தவறாகப் பயன்படுத்துவார்கள். “எண் அதிகம், மாத்திரை போடு” என்பது ஒரு பக்கம், “எல்லாம் நோயால்தான், விடு” என்பது மறு பக்கம். நான் செய்வது, முதல் இரண்டு கேள்விகளை (எதிலும் ஈடுபாடு இல்லை, மனம் சோர்ந்திருக்கிறது), ஆறாவதை (நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு), ஒன்பதாவதை (செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு) தனியாகப் பார்ப்பது. அசதி நோயால் வரலாம். பேரக்குழந்தை சிரிப்பதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது நொதிக் குறைவு பண்ணுகிற வேலை மட்டும் இல்லை. படிவத்தை ஒருமுறை எழுதுவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் பயன்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

கிளம்பும்போது சொல்லாதீர்கள். உட்கார்ந்ததும் சொல்லுங்கள். வாய் வராது என்றால் ஒரு தாளில் எழுதி முதலிலேயே நீட்டிவிடுங்கள். நான் எழுதிக்கொண்டு போனது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“இரண்டு வருடமாக எதிலும் ஈடுபாடு இல்லை. தினமும் அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வலி முன்பு போலத்தான், கூடவில்லை. வேலைக்கு மாதத்தில் ஆறு நாள் போகவில்லை. சாகத் திட்டம் எதுவும் இல்லை, ஆனால் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன என்று யோசித்தேன். இது நோயினால் வருகிற இயல்பான கவலை என்று எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டது. இதைத் தனிப் பிரச்சினையாகப் பார்த்து வைத்தியம் வேண்டும் என்று கேட்கிறேன்.”

கடைசி வரிதான் முக்கியம். எவ்வளவு நாள், வாழ்க்கையில் எது நின்றுபோனது, என்ன கேட்கிறேன், இந்த மூன்றும் இருந்தால் ஐந்து நிமிடச் சந்திப்பிலும் காரியம் நடக்கும். “மனசே சரியில்லை” என்று மட்டும் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும்.

மனநல மருத்துவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்காது, பெரும்பாலும் அப்படித்தான். அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம், ஆனால் ஒரு மணி நேரம் அவருக்குப் பாடம் நடத்தி நீங்கள் களைத்துப்போகவும் வேண்டாம். ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: நோயின் பெயர், எந்த உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன, சிறுநீரகம், கல்லீரல், இதயம் மூன்றின் கடைசி எண்கள், இப்போதைய மருந்துகள், கொடுக்கக் கூடாதவை, நோயைப் பார்க்கும் மருத்துவரின் தொடர்பு எண். இரண்டு மருத்துவர்களும் ஒருமுறையாவது நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். நடுவில் தூது போகும் வேலை நோயாளியினுடையது இல்லை.

மாத்திரை விஷயத்தில் கண்ணைத் திறந்து வையுங்கள்

மனச்சோர்வு மாத்திரைகள் மேல் எனக்கு எந்தப் பயமும் இல்லை, அவைதான் என்னைக் கட்டிலை விட்டு இறக்கின. ஆனால் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதை நமக்கும் அப்படியே எழுதிக் கொடுக்கக் கூடாது. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

வால்ப்ரோயேட் மனநிலையைச் சமப்படுத்தக் கொடுக்கப்படும் பழைய மருந்து. யூரியா சுழற்சிக் கோளாறு உள்ளவருக்கு அது அம்மோனியாவை ஏற்றிவிடும், உயிருக்கே ஆபத்து. போல்ஜி மரபணு மாற்றத்தால் வரும் மைட்டோகாண்ட்ரியா நோயிலும், கடும் போர்ஃபிரியாவிலும் அது கூடாது. ஃபேப்ரி வலிக்கு நிறையப் பேர் விழுங்கும் கார்பமசெபின், போர்ஃபிரியாக்காரருக்குத் தாக்குதலைக் கிளப்பிவிடும். ஒருவருக்கு வலி நிவாரணி, இன்னொருவருக்கு விஷம். போர்ஃபிரியா உள்ளவர்கள் எந்தப் புது மருந்தையும் போர்ஃபிரியா மருந்துப் பட்டியலில் சரிபார்க்காமல் தொடவே வேண்டாம். கோஷே நோய்க்கு எலிக்ளுஸ்டாட் காப்ஸ்யூல் எடுப்பவருக்கு மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்செட்டினோ பராக்செட்டினோ சேர்த்தால், அந்தக் காப்ஸ்யூலைக் கரைக்கும் கல்லீரல் நொதியை அவை தடுத்து, ரத்தத்தில் எலிக்ளுஸ்டாட் அளவை ஏற்றிவிடும். அது இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம். ஃபேப்ரியில் இதயம் தடித்திருந்தால் மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் வகை பழைய மருந்துகளுக்கும் சிட்டலோபிராமுக்கும் முன்னால் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் பலவீனமானால் நரம்பு வலிக்கான கேபபென்டின், ப்ரீகேபலின் அளவைக் குறைக்க வேண்டும், மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியம் பக்கம் போவதற்கு நிறைய யோசிக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் மருந்து மட்டுமல்ல, மேலே பூசிய இனிப்பையும் பாருங்கள். நாக்கில் கரையும் மாத்திரைகள் சிலவற்றில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கும், அது உடம்பில் உடைந்தால் ஃபினைல் அலனின் வெளிவரும், பிகேயூவுக்கு ஆகாது. மரபுவழி ஃப்ரக்டோஸ் சகிப்பின்மை (பழச்சர்க்கரையை உடம்பால் கையாள முடியாத நோய்) உள்ளவருக்கு சார்பிட்டாலோ சர்க்கரையோ கலந்த சிரப் கூடாது. மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பல மருந்துகளின் அளவைக் குலைக்கும், மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதெல்லாம் உங்களைப் பயமுறுத்த இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமான ஒரு மாத்திரை கிடைக்கும். அது வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் இருக்கலாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆரம்ப வாரங்களில் அருகிருந்து கவனிக்க வேண்டும், சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். நன்றாக ஆகிவிட்டது என்று தானாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். மூன்று நாள் தலைக்குள் மின்சாரம் அடித்தது போல இருந்தது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

பேச்சு சிகிச்சையும், பொது அறிவுரைகளின் ஆபத்தும்

எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை நல்லதுதான். ஆனால் “என் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்” என்ற என் எண்ணத்தை மிகைப்படுத்தல் என்று ஒருவர் திருத்த வந்தபோது எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. அது மிகையில்லை, அது என் ரிப்போர்ட். இரண்டாவதாகக் கிடைத்தவர் கெட்டிக்காரர். “சரி, கெட்டுப்போகலாம். அதை இன்று காலை பதினொரு மணிக்கு யோசித்து என்ன கிடைத்தது?” என்று கேட்டார். உண்மையான பயத்தையும், அந்தப் பயம் நாளெல்லாம் தின்னும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். நீண்டகால நோயாளிகளோடு பழகியவர் என்றால் இன்னும் நல்லது. ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை என்று ஒரு முறை இருக்கிறது, மாற்ற முடியாத விஷயங்கள் நிறைய உள்ளவர்களுக்கு அது ஒத்துப்போகிறது.

பொது அறிவுரைகளில் ஜாக்கிரதை. “காலையில் வெறும் வயிற்றில் ஓடுங்கள், மனசு லேசாகும்” என்பது உலகமே சொல்வது. கொழுப்பு அமிலத்தை எரிக்க முடியாத கோளாறு உள்ளவர் அதைச் செய்தால் தசை சிதைந்து, சிறுநீர் கருத்து, மருத்துவமனையில்தான் போய் முடியும். வியர்வை குறைவாகச் சுரக்கும் ஃபேப்ரிக்காரருக்கு வெயிலில் நடை என்பது வலியை விலை கொடுத்து வாங்குவது. விரதம், கீட்டோ உணவு, நாள் முழுக்க பழச்சாறு, இவை எதையும் உங்கள் சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் தொடாதீர்கள்.

உடம்பு அசைவது உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் உடம்புக்கு ஏற்ற அசைவு. எனக்கு மாலையில் மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம். அதைவிட முக்கியம், மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் ஒரு சின்னக் காரியத்தை நேரம் குறித்துச் செய்வது. ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஒரே ஒருவருக்கு போன் போடுவது. நல்ல நாளில் பத்துக் காரியம் செய்து மறுநாள் விழுவதைவிட, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் மூன்றே மூன்று.

ரத்தத்தில் வந்தது

வேறு பல நோய் வந்தவருக்கு இல்லாத ஒரு பாரம் நமக்கு உண்டு. இது யாரிடமிருந்தோ வந்தது, யாருக்கோ போகலாம். எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஃபேப்ரியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள தகப்பனின் எல்லா மகள்களுக்கும் அது வரும், மகன் ஒருவனுக்கும் வராது. நோயுள்ள தாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகனுக்கு வந்தது, மகளுக்கு வரவில்லை. பரிசோதனை முடிவு வந்த அன்று அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். “நீங்கள் என்னப்பா செய்வீர்கள்” என்று அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொள்ள நான்கு வருடம் ஆனது.

பெண்களுக்கு இன்னொன்று. “நீங்கள் மரபணுவைச் சுமப்பவர் மட்டும்தான், உங்களுக்கு ஒன்றும் வராது” என்று எங்களில் பலருக்குச் சொல்லப்பட்டது. ஃபேப்ரியில் அது தவறு, பெண்களுக்கும் வலி, இதயப் பாதிப்பு, பக்கவாதம் எல்லாம் வரலாம். வலியையும் நம்பவில்லை, நோயையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மனசு எங்கே போகும்? அப்படி யாராவது இன்னமும் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

குற்ற உணர்வு நோயுள்ளவருக்கு மட்டும் வருவதில்லை. தப்பித்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் வரும், அவர்கள் அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தோடு மரபணு ஆலோசகரிடம் ஒருமுறை போய் உட்காருங்கள். வாய்ப்புக் கணக்கைத் தெரிந்துகொள்ள மட்டுமல்ல, வீட்டில் பேச முடியாததை ஒரு மூன்றாம் மனிதர் முன்னால் பேசுவதற்கு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“தைரியமாக இரு”, “உன்னைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள்”, “பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்”, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். “என்ன வேண்டும் சொல்” என்பதும் கஷ்டம்தான், சோர்ந்த மூளைக்கு அதற்குப் பதில் கண்டுபிடிக்கத் தெரியாது. “செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்ற நானும் வருகிறேன்” என்பது மாதிரி முடிவாகச் சொல்லுங்கள். நோயைப் பற்றியே எப்போதும் கேட்காதீர்கள், வேறு ஏதாவது வம்பும் பேசுங்கள், நாங்களும் மனிதர்கள்தான்.

அதே நோயுள்ளவர்களின் கூட்டம் கிடைத்தால் போங்கள். “கால் எரிகிறது” என்றதும் “ஆமாம், மழைக்கு முன்னால் எனக்கும்” என்று ஒருவர் சொல்வது எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை. ஆனால் அங்கேயும் சில நாட்களில் அடுத்தவரின் டயாலிசிஸ் கதையைக் கேட்டுவிட்டு என் எதிர்காலம் இதுதான் என்று திரும்பி வருவீர்கள். ஒரே நோயில், ஒரே குடும்பத்தில்கூட, ஒருவர் போல இன்னொருவருக்குப் போகாது. மனசு ஏற்கெனவே கீழே இருக்கும் வாரங்களில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நிலைமை மோசமாகும்போது

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. வீட்டில் இருப்பவர்கள் கேளுங்கள், வாய் விட்டுக் கேளுங்கள்.

நம் நோய்களில் இந்த எண்ணம் வேறு வேஷத்தில் வரும். மருந்து ஏற்றும் நாளைத் தள்ளிப்போடுவது, தெரிந்தே உணவுக் கட்டுப்பாட்டை விடுவது, பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது. பார்க்கிறவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள், பொறுப்பில்லை என்பார்கள். உள்ளே “போனால் போகட்டும்” என்று ஒரு குரல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், அதை மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். திட்டம் இருக்கிறது, அல்லது இன்றிரவு உங்களை நீங்களே நம்ப முடியவில்லை என்றால் தனியாக இருக்காதீர்கள். ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், உங்கள் ஊரின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் வீடுகளில் மாதக்கணக்கில் மருந்து இருப்பு இருக்கும் என்பதால், நிலைமை தேறும் வரை அதை வேறொருவர் வைத்திருந்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.

நல்லாயிருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, யாரை முதலில் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யாரை, எந்த மருத்துவமனைக்குப் போவது, அங்கே நோயின் பெயரை எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி, அந்த ஒரு பக்க மருத்துவத் தாளோடு சேர்த்து வையுங்கள். என்னுடையது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மகன் அதில் தன் எண்ணையும் தானாகவே எழுதி வைத்திருக்கிறான்.